துனி கொளு ஆமை மீட்பு மையம்: பார்வையாளருக்கான மதிப்பீடு

மாலத்தீவின் பா பவளத்தீவுக் கூட்டத்தில், கோகோ பாம் துனி கொளு விடுதித் தீவில் 2017 முதல் இயங்கிவரும் ஆமை மீட்பு மையம், அந்நாட்டுக்குச் சுற்றுலா செல்வோர் தவறாமல் பார்க்க வேண்டிய இடம் என்பது என் உறுதியான கருத்து. 2013இல் தொடங்கப்பட்ட ஆலிவ் ரிட்லி ப்ராஜெக்ட் என்னும் அமைப்பு இதை நடத்துகிறது. கடலில் தொலைந்தும் கைவிடப்பட்டும் மிதக்கும் வலைகளில் சிக்கிய ஆமைகளுக்குக் கால்நடை மருத்துவர் இங்கு சிகிச்சை அளிக்கிறார்.

தொட்டிகளைச் சுற்றிக்காட்டும்போது தரும் விளக்கமே இச்சேவையின் சிறப்பு. மாலத்தீவுப் பவளப்பாறைகளில் மிகுதியாக வாழ்பவை அழுங்காமையும் பேராமையும்தான். ஆனால் வலையில் சிக்கி வருபவற்றில் பெரும்பாலானவை ஆழ்கடலில் திரியும் பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி). மிதக்கும் வலையை அண்டி ஒதுங்கவும் இரை தேடவும் வந்து அவை மாட்டிக்கொள்கின்றன. துடுப்பின் அடியில் இறுகிய நைலான் இழை, ஆமை உதறும் ஒவ்வொரு முறையும் தோலையும் தசையையும் அறுத்து எலும்புவரை இறங்கிவிடுவதால், பலவற்றுக்குத் துடுப்பையே அகற்ற நேர்கிறது. நான் நெடுநேரம் நின்று பார்த்த ஓர் ஆமைக்கு வெளிக்காயமே தெரியவில்லை. ஆனால் உடலுக்குள் காற்று தேங்கியதால் பின்பகுதி நீர்மட்டத்துக்கு மேலே தூக்கி நிற்க, தலையைத் தாழ்த்தி முன்துடுப்புகளால் எவ்வளவு உந்தியும் அதனால் மூழ்க முடியவில்லை. ஒரு துடுப்பை இழந்த ஆமைகூடத் தேறிக் கடலுக்குத் திரும்பலாம். மூழ்க முடியாத ஆமை மாதக்கணக்கில் தொட்டியிலேயே கிடக்க வேண்டியதுதான்.

மாலத்தீவு மீனவர்கள் சூரையைத் தூண்டிலில்தான் பிடிக்கிறார்கள். ஆகவே இந்த வலைகளில் பெரும்பாலானவை அயல்கடல்களிலிருந்து வருபவை. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் நீரோட்டம் மேற்கே ஓடுவதால், இந்திய, இலங்கைக் கடற்பகுதிகளிலிருந்தும் அவை வந்து சேரக்கூடும் என்பதைக் கேட்டபோது எனக்கு மனம் கனத்தது. விலை கொடுத்து வாங்கிய வலையை எந்த மீனவரும் மனமுவந்து இழப்பதில்லை. புயலும் பாறையும், மீனின் செவுள் மாட்டிக்கொள்ளும்படி விரித்த செவுள் வலையின் குறுக்கே இழுவைப்படகு போவதுமே பல இழப்புகளுக்குக் காரணம். இந்தப் பக்கத்தையும் பார்வையாளர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மையம் விடுதித் தீவில் இருப்பதால் செலவு கூடுதல்தான். செல்பவர்கள், சிக்கிய ஆமையை நடுக்கடலில் கண்டால் என்ன செய்வதென்று கட்டாயம் கேளுங்கள்: வலையை வெடுக்கென்று இழுக்கக்கூடாது, இழைகளைப் பார்த்துப் பார்த்து வெட்ட வேண்டும், காயம்பட்ட ஆமையை மருத்துவரிடம் சேர்க்க வேண்டும், வெட்டிய வலையைப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.