வெள்ளி பெயின்ட் அடித்த ‘புது’ டைனமோ: பழைய டிராக்டர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

பட்டுக்கோட்டை வட்டாரத்தில் பழைய டிராக்டர் வைத்திருப்பவர்கள் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டர், நம் பேச்சில் டைனமோ, அதை மாற்றப் போய் 5,200 ரூபாயையும் சேறடிக்கிற பருவத்தில் ஆறு நாளையும் தொலைத்துவிட்டு எழுதுகிறேன். கடையின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. பில் இல்லாமல் பெயரைச் சொல்லிவிட்டுப் பிறகு நான் கைகட்டி நிற்க முடியாது. பில் ஏன் இல்லை என்பதும் இந்தக் கதையில்தான் வருகிறது.

வண்டி மாஸ்ஸி ஃபெர்குசன் 1035, அப்பா வாங்கியது. கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வந்து, சேற்றில் ஓட்டுகிற இரும்புச் சக்கரமான கேஜ் வீல் மாட்டிய மூன்றாம் நாள் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பக்கத்து வயல்காரர் வண்டியில் கட்டி இழுத்துத்தான் கிளப்பினோம்.

இந்த வயது டீசல் வண்டியில் ஒரு வசதி உண்டு. ஒருமுறை கிளம்பிவிட்டால் அதற்கு மின்சாரமே வேண்டாம். டீசல் பம்ப்பை இன்ஜினே சுழற்றிக்கொள்ளும்; நிறுத்துவதற்கும் குமிழை இழுத்தால் போதும். சார்ஜ் ஏறுகிறதா இல்லையா என்று பகலில் எதுவும் காட்டிக்கொடுக்காது, மறுநாள் காலையில்தான் தெரியும். உழுகிறவனுக்கு இது வசதி. ஏமாற்றுகிறவனுக்கு இன்னும் பெரிய வசதி.

டவுனில் உள்ள எலக்ட்ரிக் கடைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். கடைக்காரர் மீட்டரைத் தொடவே இல்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹெட்லைட்டைப் போடச் சொல்லிவிட்டு, ஸ்பானரால் பேட்டரி வயரைக் கழற்றினார். வெளிச்சம் சட்டென்று மங்கியது. “பார்த்தீர்களா அண்ணே, டைனமோ செத்துவிட்டது” என்றார். கண்ணால் பார்த்த பிறகு என்ன பேசுவது? தலையாட்டினேன்.

இந்தச் சோதனையை யார் செய்ய வந்தாலும் கையைப் பிடித்து நிறுத்துங்கள். ஆல்டர்னேட்டர் வருவதற்கு முன், கட்-அவுட் பெட்டியோடு அசல் டைனமோ ஓடிய காலத்துப் பழக்கம் அது. ஆல்டர்னேட்டர் ஓடும்போது பேட்டரியைப் பிரித்தால் வோல்ட் ஒரேயடியாக எகிறும். உள்ளே கரண்டை ஒரே திசையில் விடுகிற டயோடும், வோல்ட்டைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டரும் அந்த நொடியிலேயே போய்விடலாம். நன்றாக இருந்ததைக் கெடுத்துவிட்டுக் ‘கெட்டுவிட்டது’ என்று சொல்கிற சோதனை. டிரெய்லர் கொக்கிக்கு வெல்டிங் வைக்கிறவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். இன்ஜினை நிறுத்திவிட்டு, பேட்டரி வயரை எடுத்த பிறகுதான் வெல்டிங் வைக்க வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் வண்டி தயார். வெள்ளியாகப் பளபளத்தது டைனமோ. ஒரு துண்டுச் சீட்டில் ‘டைனமோ 1, பிட்டிங், 5,200’ என்று எழுதித் தந்தார். கம்பெனிப் பெட்டி எங்கே என்றேன், மழையில் நனைந்துவிட்டது என்றார். பழையது எங்கே என்றேன், அதைக் கழித்துத்தான் இந்த விலை என்றார். செல்ஃப் ஒரே தொடலில் எடுத்தது. அந்தச் சந்தோஷத்தில் வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. இரவு முழுவதும் பேட்டரியை அவர் சார்ஜரில் போட்டிருந்தார் என்பது பிறகு அந்தக் கடைப் பையன் வாயிலிருந்து வந்தது. நிறையச் சார்ஜ் ஏற்றிய பேட்டரி, டைனமோ இல்லாமலே பல நாள் செல்ஃப் எடுக்கும்.

எடுத்தது. பதினெட்டு நாள். பத்தொன்பதாம் நாள் இரவில் உழுதுகொண்டிருந்தபோது ஹெட்லைட் மஞ்சளாகி, சிவப்பாகி, வரப்பு எது வயல் எது என்று தெரியாமல் நின்றேன். காலையில் மறுபடியும் அந்த ‘டக்’.

கடைக்குப் போனால் பதில் தயாராக இருந்தது: “உள்ளே சேறு போய்விட்டது அண்ணே. சேற்றுக்கு வாரண்டி கிடையாது.” சேறடிக்கிற வண்டியில் சேறு படாமல் பன்னீரா படும்? என் பழைய டைனமோவையாவது கொடுங்கள் என்றேன். இரும்புக்குப் போட்டாயிற்றாம். அவருக்குப் பின்னால் பலகையில் நான்கு டைனமோ வெள்ளி பெயின்ட் காய்ந்துகொண்டிருந்தது.

எங்கள் ஊரில் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் வந்ததும் ஸ்பானரை எடுக்கவில்லை, மீட்டரை எடுத்தார். வண்டியைக் கிளப்பி, முதலில் பேட்டரி முனைகளில் வைத்தார்: 12.1. பிறகு டைனமோவின் பின்னால் இருக்கிற போல்ட்டில் வைத்தார்: 13.2. “தம்பி, ஒரே வயரின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம். நடுவில் எவனோ தின்கிறான்” என்றார். நல்ல நிலையில் ஓடுகிற வண்டியில் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு, 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும்.

தின்றவனைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் ஆனது. டைனமோவிலிருந்து வருகிற தடித்த வயரின் முனையில், போல்ட்டில் மாட்டுகிற செம்பு லக் இருக்கிறதல்லவா, அதன் மேல் இருந்த ரப்பர் உறையைப் பிளேடால் கீறினார். உள்ளே பச்சைப் பூத்து, இழைகள் கருத்து, இழுத்தால் நான்கைந்து இழைதான் பிடித்துக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் புது வயர் மாதிரி இருக்கும். மல்லிப்பட்டினத்தில் விசைப்படகு வைத்திருக்கிற என் மைத்துனரிடம் சொன்னபோது சிரித்தார். உப்புக்காற்றில் அவர்களுக்கு இது அடிக்கடி வருகிற நோய். அதனால்தான் ஈயம் பூசிய செம்பு வயராகப் பார்த்து வாங்குகிறார்களாம்.

ஹெட்லைட்டுக்கும் அந்த வயர் வழியாகத்தான் கரண்ட் வருகிறது. அன்றைக்குப் பேட்டரியைப் பிரித்ததும் அது மங்கியதற்கு இந்த லக்கே போதும். இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஒரு மாதமாகவே டேஷ்போர்டில் சார்ஜ் விளக்கு முழுதாக அணையாமல், இருட்டில் மட்டும் தெரிகிற அளவுக்குக் கனன்றுகொண்டிருந்தது. வயரில் வோல்ட் இறங்கினால் அப்படிக் கனலுமாம். டயோடு ஒன்று போனாலும் கனலுமாம். என்னுடையது எது? பழையது கையில் இருந்தால் அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும் என்றார் பெரியவர். என் பழைய டைனமோ நன்றாகத்தான் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் நிரூபிக்க வழியில்லை.

‘புதிய’ டைனமோவைக் கழற்றியபோது வேறு கூத்து. ஸ்குரூவின் வெட்டுக்குள்ளும் பெயின்ட், பெயின்ட்டுக்கு அடியில் பழைய கிரீஸ். கார்பன் இரண்டும் சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தேய்ந்திருந்தன. அவை உரசுகிற செம்பு வளையத்தில் நகத்தை வைத்தால் தடுக்குகிற பள்ளம். முன் பேரிங் மட்டும் புதிது, பின்னால் இருந்தது கையால் சுற்றும்போதே உறுமியது. புல்லியும் இந்த வண்டிக்கு உரியதல்ல. பள்ளம் அகலம், பெல்ட் பக்கவாட்டில் பிடிக்காமல் அடியில் போய் உட்கார்ந்து வழுக்கியதால் பள்ளத்தின் அடி கண்ணாடியாக மின்னியது, சுற்றிலும் கறுப்புத் தூள். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற பட்டையில் போல்ட் வெளிக்கோடிக்குத் தள்ளியிருந்தது. பழைய வாஷர் தடம் நடுவில் இருந்தது. பெயின்ட் அடித்தவர் அந்தத் தடத்தை மறந்துவிட்டார்.

கார்பன், பேரிங், வளையம் கடைசல், சரியான புல்லி எல்லாம் சேர்த்துப் பெரியவர் வாங்கியது 1,450 ரூபாய். வயரும் லக்கும் 180. இப்போது பேட்டரியில் 14.1 காட்டுகிறது.

நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, மாவட்ட ஆணையத்தில் ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லாமலே வழக்குப் போடலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். என்னிடம் இருப்பதோ கடைப் பெயர்கூட இல்லாத துண்டுச் சீட்டு. பில்லோடு வாங்கியவர் யாராவது இதே கதையில் மாட்டியிருந்தால் இரண்டு வருடத்துக்குள் போங்கள். சாட்சிக்கு நான் வருகிறேன். கழற்றியபோது எடுத்த படங்கள் இருக்கின்றன, அந்தப் பச்சைப் பூத்த லக்கும் சாவி மாட்டுகிற ஆணியில் தொங்குகிறது.