"பாஸ் மீனுக்கு இந்த ஒரு செட்டே போதும்" என்று சொன்னால் வாங்காதீர்கள்

புதிதாக பாஸ் (bass) என்ற நன்னீர் மீனைத் தூண்டிலில் பிடிக்கக் கிளம்புகிறவர்கள் ராடும் ரீலும் வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் பணம் போனது, அது போகட்டும். வாயில் தூண்டில் முள்ளோடு தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போன ஒரு மீன்தான் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. அது நடந்திருக்கவே வேண்டியதில்லை.

கடையில் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அண்ணே, நான் இதுக்குப் புதுசு. ஏரியில பெரியவாய் பாஸ் பிடிக்கணும், என்ன வாங்கலாம்?" கரையில் நின்று வீசுவேனா, படகிலிருந்தா, பாசி அடர்ந்த தண்ணீரா, தெளிந்த தண்ணீரா, எந்த மாதிரி லூர் (செயற்கை இரை) போட ஆசை என்று அவர் எதையும் கேட்கவில்லை. "தம்பி, இந்த ஒரு செட்டு போதும். எல்லாத்துக்கும் இதுதான்" என்று எடுத்து வைத்தார். ஏழடி பேட்காஸ்டிங் (ரீல் ராடின் மேல்பக்கம் உட்காரும் வகை) ராடு, ஹெவி பவர், ஃபாஸ்ட் ஆக்‌ஷன். பன்னிரண்டு பேரிங் போட்ட 8:1 ரீல், அதாவது கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் உருளை எட்டுச் சுற்று சுற்றும். அதில் 65 பவுண்டு (சுமார் 29 கிலோ) இழுவை தாங்கும் பிரெய்டை, அதாவது பின்னல் நரம்பை, கடையிலேயே சுற்றிக் கொடுத்தார்கள். லீடர் (நரம்பின் முனையில் லூருக்கு முன்னால் கட்டும் துண்டு) கட்ட ஃபுளூரோகார்பன் நரம்பு என்று ஓர் உருளை. அப்புறம் நூறு லூர் அடுக்கிய பெட்டி ஒன்று.

"பாஸ் முரட்டு மீன் தம்பி. இந்த நரம்பு இருந்தா உலக சாதனை மீனையே தூக்கிடலாம்" என்றும் சொன்னார். நானும் நம்பினேன். பிறகுதான் தேடிப் படித்தேன். பெரியவாய் பாஸில் உலக சாதனை 1932-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி பிடித்தது: 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது சுமார் 10 கிலோ. 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா பிடித்த மீன் அதைவிட ஓர் அவுன்ஸுக்கும் குறைவாகத்தான் கூடுதல் என்பதால், இரண்டும் சமம் என்றே பதிவாகியிருக்கிறது. சாதனை மீனே 10 கிலோ என்றால் 65 பவுண்டு நரம்பு எதற்கு? மீனின் எடைக்காக இல்லை. பாசிப் படலத்துக்கு மேலே தவளை லூர் ஓட்டி, கடித்த மீனைப் பாசியோடு சேர்த்து இழுத்து வெளியே எடுப்பதற்கு. அந்த வேலைக்கு அது சரியான நரம்பு. எனக்கு விற்ற லூர்களில் தவளை ஒன்றுகூட இல்லை.

முதல் நாள் காலையில் பெட்டியிலிருந்து சின்ன கிராங்க்பெய்ட் (மீன் வடிவக் கெட்டி லூர்) ஒன்றை எடுத்துக் கட்டி வீசினேன். லூர் நாலடி தள்ளி விழுந்தது, ரீலில் நரம்பு குருவிக்கூடு மாதிரி பொங்கி நின்றது. அவிழ்த்துவிட்டு மறுபடி வீசினால் மறுபடியும் அதே கூடு. அன்று பாதி நேரம் சிக்கு எடுப்பதிலேயே போயிற்று. நமக்குத்தான் வீசத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பல வருடமாக பாஸ் பிடிக்கும் என் பெரியப்பா மகன் அதைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "கைப்பிடிக்கு மேல என்ன எழுதியிருக்குன்னு பாத்தியாடா?" பார்க்கவில்லை. பெரும்பாலான ராடுகளில் கைப்பிடிக்குச் சற்று மேலே பொடி எழுத்தில் நரம்பு எத்தனை பவுண்டு, லூர் எத்தனை அவுன்ஸ் என்று அச்சடித்திருப்பார்கள். என் ராடில் லூர் எடை 1/2 முதல் 1 1/2 அவுன்ஸ் என்று இருந்தது, சுமார் 14 முதல் 42 கிராம். அண்ணன் என் பெட்டியிலிருந்த லூர்களைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்தார். 5 கிராம், 7 கிராம், 9 கிராம். 14-ஐத் தொட்டவை நாலைந்துதான். லூரின் எடைக்கு ராடு வளைந்து நிமிர்ந்தால்தான் லூர் பறக்கும். வளையாத ராடில் எவ்வளவு வேகமாக வீசினாலும் லூர் மெதுவாகத்தான் போகும், ஆனால் ஸ்பூல் (ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் உருளை) அதைவிட வேகமாகச் சுற்றும், நரம்பு பொங்கும். ராடையும் பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விற்றவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

பேட்காஸ்டிங் ரீலில் லூரை மாற்றும்போதெல்லாம் ஸ்பூல் டென்ஷனைத் திருகிச் சரிசெய்ய வேண்டும் என்பதையும் அண்ணன்தான் சொல்லிக் கொடுத்தார். பட்டனை அழுத்தினால் லூர் மெதுவாக இறங்கி, தரையைத் தொட்டதும் ஸ்பூலும் நின்றுவிட வேண்டும். கடையில் ஒரு நிமிடம் செலவழித்திருந்தால் காட்டியிருக்கலாம்.

அடுத்த முறை கனமான ஜிக் (ஈயத் தலை வைத்த முள்) ஒன்றைப் போட்டேன். நன்றாகப் பறந்தது, மீனும் கடித்தது. ரீலைச் சுற்றுகிறேன், சுற்றுகிறேன், நரம்பு வரவே இல்லை. மீன் இழுக்கும்போது ஸ்பூல் எவ்வளவு விட்டுக்கொடுக்கும் என்பதைக் கட்டுப்படுத்தும் டிராக்கை இறுக்கினேன். முழுசாக இறுக்கியும் வரவில்லை. மீன் கழன்றுவிட்டது. கரையில் உட்கார்ந்து விரலால் ஸ்பூலை அழுத்திப் பார்த்தபோதுதான் புரிந்தது: சுற்றியிருந்த பிரெய்டு மொத்தமும் ஒரே கட்டாக ஸ்பூலின் மேல் வழுக்கிச் சுழன்றுகொண்டிருந்தது. பிரெய்டு வழுவழுப்பானது, உலோக ஸ்பூலைப் பிடிக்காது. அதனால் முதலில் சில சுற்று நைலான் நரம்பைச் சுற்றி, அதன் முனையில் பிரெய்டைக் கட்டிச் சுற்றுவார்கள். ஸ்பூலில் ஒரு துண்டு டேப் ஒட்டினாலும் போதும். கடையில் சுற்றிக் கொடுத்தவர் இரண்டையுமே செய்யவில்லை.

அதைச் சரிசெய்துவிட்டு மூன்றாவது முறை போனேன். பெட்டியில் இருந்ததிலேயே பெரிய கிராங்க்பெய்டைப் போட்டேன். இரண்டு மீன் கடித்தன. இரண்டும் ஒரு நொடி இருந்து கழன்றன. இதற்குக் காரணம் ராடும் நரம்பும்தான். பவர் என்றால் ராடை வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது. ஆக்‌ஷன் என்றால் ராடு எந்த இடத்தில் வளைகிறது என்பது. ஃபாஸ்ட் ராடு நுனியில் மட்டும் வளையும், மாடரேட் ராடு நடுவரை வளையும். கிராங்க்பெய்டில் இருப்பது மெல்லிய மூன்று முனை முள். மீனின் உதட்டுத் தோலில் லேசாகத்தான் மாட்டும். அதை விறைத்த ராடும், ஏறக்குறைய நீளவே நீளாத பிரெய்டும் சேர்ந்து இழுத்தால் தோல் கிழிந்து முள் வெளியே வந்துவிடும். நடுவரை வளையும் ராடும், கொஞ்சம் நீண்டு கொடுக்கும் நைலானும் இருந்தால் மீன் தலையை உதறினாலும் முள் தங்கும். டெக்சஸ் ரிக்கில் ரப்பர் புழுவுக்குள் மறைத்துவைத்த தடித்த ஒற்றை முள்ளுக்கு நேர்மாறு. அங்கே விறைத்த ராடுதான் வேண்டும், இல்லாவிட்டால் முள் புழுவைத் துளைத்து மீனின் தாடையில் இறங்காது. இந்த இரண்டு வேலையையும் ஒரே ராடு நன்றாகச் செய்யாது. "எல்லாத்துக்கும் இதுதான்" என்ற பேச்சே இங்கே பொய்யாகிவிடுகிறது.

நாலாவது முறைதான் அந்த மீன். நல்ல கனமான பாஸ், தண்ணீருக்கு மேல் முழு உடம்போடு துள்ளி வாயைத் திறந்து தலையை உதறியது. கிராங்க்பெய்ட் வாயோரத்தில் தொங்குவது தெரிந்தது. இரண்டாவது முறை ஆழத்துக்குப் பாய்ந்தபோது டப் என்று நரம்பு போய்விட்டது. 65 பவுண்டு பிரெய்டு! முடிச்சு அவிழவில்லை, லீடரும் அறுபடவில்லை. அறுந்தது நடு பிரெய்டு. முனையைப் பார்த்தால் பஞ்சு மாதிரி பிரிந்து கிடந்தது.

அண்ணன் கொஞ்சம் பஞ்சை எடுத்து ராடின் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டுச் சுழற்றினார். கைப்பிடிப் பக்கத்திலிருந்து எல்லா வளையத்திலும் பஞ்சு சுத்தமாக வந்தது. நுனியிலிருந்து இரண்டாவது வளையத்தில் மட்டும் நாலு இழை சிக்கி நின்றது. கண்ணுக்குத் தெரியவில்லை, நகத்தால் தடவினால் மட்டும் உள்ளே இருக்கும் பீங்கான் வளையத்தில் மயிரிழை அளவு விரிசல். வீசும்போதும் சுற்றும்போதும் நரம்பு அந்த விரிசலில் உரசி உரசித் தேய்ந்திருக்கிறது. ராடு கீழே விழவில்லை, எதிலும் இடிக்கவில்லை, வாங்கியதிலிருந்து உறையில்தான் இருந்தது.

அந்த மீன் மூன்று முனை முள் இரண்டோடு போயிற்று. அதிலிருந்து நான் போடும் ஒவ்வொரு முள்ளிலும் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் எதிர்முனையைக் குறடால் நசுக்கித் தட்டையாக்கிவிட்டுத்தான் கட்டுகிறேன். நரம்பு அறுந்தாலும் மீன் உதறிக் கழற்றிக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

அப்புறம் அந்த "ஃபுளூரோகார்பன்". உருளையின் முன்பக்கம் பெரிய எழுத்தில் அந்தப் பெயர். பின்பக்கம் பொடி எழுத்தில் "பூச்சு" என்று ஒரு வார்த்தை. அதாவது உள்ளே நைலான், மேலே மட்டும் ஃபுளூரோகார்பன். இரண்டும் ஒன்றில்லை. அசல் ஃபுளூரோகார்பன் தண்ணீரைவிட ஏறக்குறைய 1.8 மடங்கு அடர்த்தி, நைலான் 1.1 மடங்குதான். ஒரு தம்ளர் தண்ணீரில் விரல் நீளத் துண்டுகளை முழுசாக அமுக்கிவிட்டுப் பாருங்கள். அண்ணனின் அசல் ஃபுளூரோகார்பன் துண்டு நேராக அடிக்குப் போனது, என்னுடையது பாதி வழியில் தயங்கித் தயங்கி இறங்கியது. பூச்சு நரம்பு விற்பது தப்பில்லை, அதை அசல் என்று கையில் கொடுப்பதுதான் தப்பு.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "தம்பி, நரம்பு சுத்துன ரீலைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்றார். சுற்றியதே அவர்கள்தான் என்றேன். "வளையம் நீங்க எங்கயாவது இடிச்சிருப்பீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். ராடைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. ஒருவர் நம்பிக் கேட்கும்போது இப்படி நடந்துகொள்வது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது நான் வாங்குவது தலைகீழ் வரிசையில். முதலில் எந்த லூர், எந்த உத்தி என்று முடிவு செய்கிறேன். அதன் எடைக்கு ராடு, ராடுக்கு ரீல், கடைசியில்தான் நரம்பு. புதியவர் யாராவது என்னைக் கேட்டால் ஹெவி ராடையும் பேட்காஸ்டிங் ரீலையும் தள்ளிவைக்கச் சொல்வேன். ஏழடி மீடியம் பவர் ஸ்பின்னிங் (ரீல் ராடின் அடிப்பக்கம் தொங்கும் வகை) ராடு, 2500 அல்லது 3000 அளவு ரீல், 10 பவுண்டு பிரெய்டு, முன்னால் 8 பவுண்டு அசல் ஃபுளூரோகார்பன் லீடர். நடுவில் முள் குத்திய மென்புழுவை வாக்கி ரிக்காகப் போட்டுத் தானாக இறங்க விட்டாலே கரையோரத்து பாஸ் கடிக்கும். சிக்கும் குறைவு. பேரிங் எண்ணிக்கையைக் கேட்டு மயங்க வேண்டாம், மட்டமான பன்னிரண்டைவிட நல்ல ஐந்து மேல். நூறு லூர் பெட்டியும் வேண்டாம். அந்தப் பெட்டி முட்களில் பல நகத்தின் மேல் இழுத்தால் பதியாமல் வழுக்கின, இரண்டு வேரில் மாட்டி நிமிர்ந்தே போயின.

இதே மாதிரி செட்டை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், தண்ணீருக்குப் போகும் முன் இன்றைக்கே கொஞ்சம் பஞ்சு எடுத்து வளையங்களுக்குள் விட்டுப் பாருங்கள். பஞ்சு நுழைக்கச் சிரமமான நுனி வளையங்களை விட்டுவிடாதீர்கள். எனக்கு விரிசல் அங்கேதான் இருந்தது.