ஐஸ்லாந்தில் வாடகைக் கார் எடுக்கிறீர்களா? காரின் அடியையும் படம் எடுங்கள்

ஐஸ்லாந்தில் கார் எடுத்துச் சுற்றலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் கையில் இருந்தவரை அந்தக் காரில் புதிதாக ஒரு கீறல்கூட விழவில்லை. அப்படியும் கிரெடிட் கார்டில் 1,84,000 குரோனா எடுத்துவிட்டார்கள்.

நானும் நண்பனும் போனது ஏப்ரலில். தீவைச் சுற்றி வரும் ரிங் ரோடு 1,300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இப்போது முழுக்கத் தார் போட்டுவிட்டார்கள். மலைநடுவே போகும் 'எஃப்' சாலைகளில் நான்கு சக்கர இழுவை வண்டிக்குத்தான் அனுமதி. எங்களுக்கு அந்தப் பக்கம் போகும் எண்ணமே இல்லை, அதனால் சின்னக் கார். கம்பெனிக்குக் கெஃப்லாவிக் விமான நிலையத்துக்குள் கவுண்டர் இல்லை. வேனில் ஏற்றி ஒரு ஷெட்டுக்குக் கூட்டிப் போனார்கள்.

அங்கே ஆரம்பித்தது காப்பீட்டு வியாபாரம். வாடகையோடு வரும் அடிப்படைக் காப்பீட்டில் சேதத்தின் முதல் பெரிய தொகை நம் தலையில்தான். அதைக் குறைக்க ஒன்று, ஜல்லி தெறித்துக் கண்ணாடி உடைந்தால் ஒன்று, மணலுக்கும் எரிமலைச் சாம்பலுக்கும் ஒன்று. மணல் காப்பீட்டைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். தெற்குக் கரையில் மிர்தால்சாண்டூர் பக்கம் கருமணல் வெளியில் புயல் அடித்தால் கார் பெயின்ட் உரிந்துவிடும். எல்லாவற்றையும் வாங்கினோம். "ஃபுல் கவர், இனி கவலையே வேண்டாம்" என்றான் கவுண்டர் பையன். காரின் அடிப்பாகம், காற்றில் பிய்த்துக்கொண்டு போகும் கதவு, ஆற்றைக் கடக்கும்போது வரும் சேதம் எதற்கும் காப்பீடு கிடையாது என்று ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில் இருக்கிறது. அங்கே பெரும்பாலான கம்பெனிகளின் நிபந்தனை இதுதான். ஆனால் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள்.

என் நண்பனுக்கு எதையும் குடைந்து பார்க்கும் புத்தி. "மச்சி, இந்த டார்ச்சப் புடி" என்று ஈரத் தரையில் மல்லாந்து படுத்துவிட்டான். இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு ஒரு மூலையில் விரிந்து, கறுப்பு கேபிள் டையால் கட்டப்பட்டிருந்தது. பையனிடம் காட்டினால், "அது பழசு, ஃபாரத்தில் எழுதத் தேவையில்லை" என்கிறான். எவ்வளவு சொல்லியும் எழுதவில்லை. வீடியோவை அங்கிருந்தே கம்பெனி மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டுத்தான் கிளம்பினோம்.

யோகுல்சார்லோனில் மிதக்கும் பனிப்பாறைகள், மீவாட்னின் கந்தக நாற்றம் எல்லாம் தனியாக எழுத வேண்டியவை. பயணத்தில் குறை ஒன்றுமில்லை.

திரும்பும் விமானம் விடியற்காலையில். ஷெட்டில் ஆள் இல்லை, சாவியைப் பெட்டியில் போடச் சொல்லியிருந்தார்கள். கம்பெனிக்கு இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்? நாம் இல்லாத நேரத்தில் அவர்களே பார்த்து அவர்களே எழுதிக்கொள்வது. முடிந்தால் முதல் நாள் மாலையே ஆள் இருக்கும்போது காரை ஒப்படைத்து, 'சேதம் இல்லை' என்று கையெழுத்து வாங்குங்கள்.

ஊர் வந்தபின் பில் வந்தது. அடித்தட்டு மாற்ற ஒரு தொகை, காரணம் 'எஃப் சாலையில் ஓட்டியது'. ஏப்ரலில்! அந்தச் சாலைகள் அப்போது பனியில் மூடிக் கிடக்கும், ஜூனுக்கு முன் திறப்பதே அபூர்வம். புகைப்படமாக இணைத்திருந்ததில் அதே மூலை, அதே கேபிள் டை. கூடவே அகுரெய்ரிக்குக் கிழக்கே இருக்கும் வாத்லாஹெய்தி சுரங்கப்பாதைக் கட்டணம். அங்கே டோல்கேட் கிடையாது, கேமரா நம்பர் பிளேட்டைப் படித்துக்கொள்ளும், நாம் இணையத்தில் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் கார்க் கம்பெனிக்குப் போகும். நாங்கள் அன்றைக்கே கட்டி ரசீதும் வைத்திருந்தோம். அதையும் மறுபடி வசூலித்து, மேலே சேவைக் கட்டணம் வேறு.

கம்பெனிக்கு எழுதினால் ஒரே பதில்: "எங்கள் பரிசோதனையே இறுதியானது." வேறு வழியில்லாமல் வங்கியில் சார்ஜ்பேக் போட்டேன், அதாவது கார்டில் எடுத்த பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி வங்கி மூலமாகக் கேட்பது. முதல் நாள் அனுப்பிய மின்னஞ்சல், அதில் பதிவான தேதி நேரம், வீடியோவில் நம்பர் பிளேட்டிலிருந்து வெட்டாமல் நேராக அடித்தட்டுக்குப் போகும் காட்சி, நாங்கள் இருந்த நாட்களில் எஃப் சாலைகள் மூடியிருந்ததைக் காட்டும் அந்நாட்டுச் சாலைத்துறையின் வரைபடம், சுரங்க ரசீது எல்லாம் வைத்தேன். அந்த நம்பர் பிளேட் காட்சி முக்கியம். அது இல்லாவிட்டால் வேறு கார் என்று சொல்லிவிடுவார்கள். டெபிட் கார்டில் கட்டியிருந்தால் இந்தச் சண்டை இன்னும் கஷ்டமாகியிருக்கும்.

தட்டுக்கு எடுத்ததை வங்கி மீட்டுக் கொடுத்துவிட்டது. சுரங்கக் கட்டணத்தைக் கம்பெனியே திருப்பிவிட்டது. அதற்கு மேல் போட்ட சேவைக் கட்டணம் மட்டும் 'கொள்கைப்படி' திரும்பாதாம்.