நெக்ஸ்ட் ஜேஎஸ் 15க்கு ஏற்றிவிடும் கோட்மொட்: ஐந்துக்கு நான்கு

வெள்ளவத்தையில் ஒரு புடைவைக் கடையின் இணையத்தளம், நெக்ஸ்ட் ஜேஎஸ் என்ற தளம் கட்டும் ஃபிரேம்வொர்க்கின் 14ஆம் பதிப்பிலேயே நின்றது, அதை 15க்கு ஏற்ற நெக்ஸ்ட் ஜேஎஸ்காரர்களே தரும், பழைய கோடைத் தானாகவே புது முறைக்கு மாற்றும் கோட்மொட் கருவியை ஓட்டினேன். காசு இல்லை, ஒரே கட்டளை. கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் கொமிட் செய்யாத மாற்றம் கிடந்தால் வேலையைத் தொடங்கவே மாட்டேன் என்று நிற்கும், அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்தது.

2024 ஒக்டோபரில் வந்த 15இன் பெரிய தலையிடி, பக்கத்தைக் கேட்கும்போது கூடவே வரும் தரவுகளான பராம்ஸ், சேர்ச்பராம்ஸ், குக்கீஸ், ஹெடர்ஸ் எல்லாம் புரொமிஸ், அதாவது காத்திருந்து பெற வேண்டிய மதிப்பு, ஆனதுதான். புடைவையின் ஐடியை பராம்ஸிலிருந்து நேரே எடுத்த இடத்தில் இப்போது முதலில் 'காத்திரு' என்று சொல்லும் எவெயிட் போட வேண்டும். சேர்வர் பக்கங்களில் கருவியே அதைப் போட்டு, டைப்பையும் சேர்த்துத் திருத்துகிறது. பிரவுசரில் ஓடும் கிளையன்ட் கொம்போனன்ட் என்றால் எவெயிட்டுக்குப் பதில் ரியாக்ட்டின் யூஸ் ஃபங்ஷனை வைக்கிறது. பராம்ஸை அப்படியே இன்னொரு ஃபங்ஷனுக்குத் தள்ளியிருந்தால்? அங்கே ஊகித்து எழுதாமல் ஒரு எரர் கொமென்ட்டை விட்டுவிடும், நாம் பார்த்து அதை நீக்கும்வரை பில்ட் ஆகாது. சரியான முறை இதுதான்.

குறை என்றால் வெளியிலிருந்து தரவை எடுக்கும் ஃபெட்ச். எடுத்த தரவு 14இல் தானாகவே கேஷ் ஆகும் (சேமித்து வைக்கப்படும்), 15இல் ஆகாது, கருவி அந்தப் பக்கமே போவதில்லை. விலைப்பட்டியல் பக்கம் பில்ட்டிலேயே உருவாகாமல் கேட்கும்போது உருவாகும் டைனமிக் பக்கமானால், திறக்கும் ஒவ்வொரு முறையும் தரவு தரும் கடையின் சின்ன ஏபிஐ அடிவாங்கும், ஃபோர்ஸ்-கேஷ் அல்லது ரீவேலிடேட்டை நாமே எழுத வேண்டும்.

பராம்ஸை எவெயிட் இல்லாமல் நேரே எடுக்கும் பழைய முறை 15இல் எச்சரிக்கையோடு ஓடும், 16இல் அந்தச் சலுகையையும் எடுத்துவிட்டார்கள். ஆகவே ஓட்டுவதானால் புதுவருசச் சேல் தொடங்க முதல் ஓட்டுங்கள்.