1963 கார்வெட் ஸ்டிங் ரே: பின்கண்ணாடியைப் பிளந்த கோடு

செவர்லேயின் 1963ஆம் ஆண்டு கார்வெட் ஸ்டிங் ரே கூப்பேயை (நிலையான கூரையுள்ள இரு கதவுக் காரை) முதலில் பின்னாலிருந்துதான் பார்க்க வேண்டும் என்பேன். பானெட்டின் நடுவில் மெல்லிய மேடாகத் தொடங்கும் கோடு கூரைமீது தொடர்ந்து, பின்கண்ணாடியை இரண்டாகப் பிளந்துகொண்டு இறங்கி, வால்பகுதியில் கரைகிறது. திருக்கை மீனின் பெயரைத் தாங்கிய இந்தக் காருக்கு அந்தக் கோடுதான் முதுகெலும்பு. ஓட்டுபவருக்குத் தொல்லை தந்ததும் அதுவே.

கார்வெட் பிறந்தபோது இத்தகைய முறுக்கேறிய உடல் அதற்கு இல்லை. 1953 ஜனவரியில், நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் செவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய மோட்டோரமா கண்காட்சியில், வடிவமைப்புத் தலைவர் ஹார்லி எர்லின் படைப்பாக அது மேடையேறியது. அந்த ஆண்டு தயாரான 300 கார்களும் வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு. ஃபைபர்கிளாஸ் உடல் அழகாகவே இருந்தது. ஆனால் அதற்குள் 150 குதிரைத்திறன் கொண்ட ஆறு சிலிண்டர் எஞ்சினும் இரண்டே கியர்கள் கொண்ட தானியங்கி அமைப்பும் இருந்ததால், ஸ்போர்ட்ஸ் கார் என்ற பெயருக்கு அது இன்னும் தகுதி பெறவில்லை. 1955இல் வந்த எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின் அந்தக் குறையைத் தீர்த்தது. 1958இல் ஹெட்லைட்டுகள் நான்காகி, குரோமியமும் கூடியபோது முகம் கனத்துவிட்டது என்பது என் கருத்து.

எர்லுக்குப் பின் பொறுப்பேற்ற பில் மிட்செல் அந்தக் கனத்தைக் களைந்தார். பீட்டர் பிராக், லாரி ஷினோடா ஆகியோரின் கைவண்ணம் சேர்ந்த ஸ்டிங் ரே பந்தயக் காரை அவர் 1959இல் களமிறக்கினார். உடலைச் சுற்றி ஓடும் கூர்மையான விளிம்பும், சக்கரங்களின் மேல் புடைத்தெழும் மட்கார்டுகளும் அங்கிருந்தே 1963ஆம் ஆண்டின் சாலைக் காருக்கு வந்தன.

இந்தக் காரின் ஹெட்லைட்டுகள் எனக்கு அலுப்பதே இல்லை. அவற்றைத் திறக்கும்போது மூக்கின் ஒரு துண்டு மின்மோட்டாரின் விசையில் அப்படியே உருண்டு, உள்ளே மறைந்திருந்த இரட்டை விளக்கை முன்னால் கொண்டுவருகிறது. மூடியபின் ஒரு மெல்லிய வெட்டுக்கோடு மட்டுமே எஞ்சுகிறது. கதவின் மேல்விளிம்பு கூரைக்குள் வளைந்து செல்வதால், தாழ்ந்த காருக்குள் நுழையும்போது தலை இடிபடும் வாய்ப்பு குறைகிறது. உள்ளே டாஷ்போர்டு இரண்டு வளைவுகளாகப் பிரிந்து, நடுவில் இடம் குறுகிவிட்டதால், ரேடியோவையே செங்குத்தாக நிறுத்தியிருக்கிறார்கள்.

குறைகளும் உண்டு. டிக்கிக்கு வெளியிலிருந்து திறக்கும் மூடி இல்லாததால், இருக்கைகளின் பின்னாலிருந்துதான் பெட்டிகளை வைக்கவும் எடுக்கவும் வேண்டும். பானெட்டில் உள்ள இரண்டு காற்றுத்துளைகள் போலியானவை. இவ்வளவு நேர்மையான உடலில் அந்தப் பொய் உறுத்துகிறது. நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக் 1965இல்தான் வந்தது. ஆனால் பின்சக்கரங்கள் தனித்தனியே அசையும்படி பொறியாளர் ஸோரா ஆர்க்கஸ்-டன்டோவ் அமைத்த சஸ்பென்ஷன் (சக்கரங்களை உடலோடு இணைத்து அதிர்வைத் தாங்கும் அமைப்பு), முந்தைய கார்வெட்டுகளில் இல்லாத நிதானத்தைத் திருப்பங்களில் தந்தது.

அந்த டன்டோவ்தான் பின்கண்ணாடியின் நடுப்பட்டையைக் கடுமையாக எதிர்த்தார். பின்னால் வருவதைப் பார்க்க வேண்டிய இடத்தில் பட்டை நிற்கிறது என்ற அவருடைய வாதம் மறுக்க முடியாதது. கோடு அறுந்தால் வடிவமே கெடும் என்று மிட்செல் பிடிவாதமாக நின்றார். அந்தப் பிடிவாதம் ஓராண்டுதான் நிலைத்தது. 1964இல் கண்ணாடி ஒன்றானது, பார்வை தெளிந்தது, கூரையிலிருந்து இறங்கிய கோடோ கண்ணாடியின் விளிம்பில் நின்றுபோனது. தினமும் ஓட்டுவதற்கு ஒரு காரைக் கேட்டால் 1964ஆம் ஆண்டுக் காரைத்தான் சொல்வேன். வடிவத்துக்காகக் கேட்டால், தயாரான 10,594 பிளவுக் கண்ணாடிக் கூப்பேக்களில் ஒன்றைத் தவிர வேறெதையும் சொல்ல மனம் வரவில்லை. அவற்றிலும் சிலவற்றின் நடுப்பட்டையை, புதிய மாடலைப் போலத் தெரியட்டும் என்று உரிமையாளர்களே அறுத்தெறிந்து ஒற்றைக் கண்ணாடி பொருத்திவிட்டார்கள்.