மலைப்பாதையில் நாய்: கையில் கயிறா, இடுப்பில் பெல்ட்டா, அவிழ்த்து விடுவதா?

இரண்டு பேர், ஒரு நாய், முதுகில் சில நாட்களுக்கான மூட்டை முடிச்சு. இப்படி மலையேறக் கிளம்புகிறவர்கள் கூடாரத்தையும் பூட்ஸையும் பற்றி வாரக்கணக்கில் யோசிப்பார்கள். நாயை எதில் பிடித்துக்கொண்டு நடப்பது என்பதைக் கிளம்புகிற அன்றுதான் முடிவு செய்வார்கள். நானும் கணவரும் எங்கள் நாயோடு மூன்று விதமாகவும் நடந்து பார்த்திருக்கிறோம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஏற்றத்துக்கு இடுப்புப் பெல்ட், இறக்கத்துக்குக் கைக்கயிறு. அவிழ்த்து விடுவது மிகச் சில இடங்களில் மட்டும்.

முதலில் இடுப்புப் பெல்ட். பெல்ட்டிலிருந்து ரப்பர் போல நீளும் கயிறு போய் நாயின் ஹார்னஸில், அதாவது நெஞ்சையும் முதுகையும் சுற்றிக் கட்டும் வாரில், மாட்டிக்கொள்ளும். கை இரண்டும் சும்மா இருப்பதால் இரண்டு கம்புகளையும் ஊன்றி ஏறலாம். நாய் திடீரென்று பாய்ந்தாலும் அந்தத் திடீர் இழுப்பை ரப்பர் வாங்கிக்கொள்கிறது, நம் முதுகுக்கு வருவதில்லை. ஏற்றத்தில் நாய் முன்னால் லேசாக இழுப்பது நமக்கும் உதவிதான். நாயோடு ஓடும் கேனிகிராஸ் விளையாட்டில் இதே அமைப்பைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

ஆனால் பெரிய முதுகுப்பை மாட்டியவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. பையின் இடுப்புப் பட்டையும் அதே இடத்தில்தான் உட்கார வேண்டும். நாயின் பெல்ட்டை அதற்கு மேலே கட்டினால் இழுப்பு கீழ்முதுகை அழுத்தும். கீழே, இடுப்பெலும்புக்குச் சற்றுத் தாழ்வாகக் கட்டினால் சரியாக இருக்கும். சிலர் கயிற்றைப் பையின் தோள்பட்டையில் கொக்கி போட்டு மாட்டுகிறார்கள். அது வேண்டவே வேண்டாம். நாய் பக்கவாட்டில் இழுத்தால் பையோடு சேர்ந்து ஆளும் சுற்றிவிடுவார்.

இறக்கத்தில் இதே பெல்ட் எதிரியாகிவிடும். நாய்க்கு நான்கு கால், நம்மைவிட வேகமாக இறங்கும். சரளைக்கல்லில் முன்காலை வைத்து உடம்பின் பாரத்தை மாற்றுகிற அந்த நொடியில் இடுப்பு முன்னால் இழுபட்டால், கம்பு இருந்தும் பயனில்லை. அதனால் உச்சியில் கொஞ்சம் உட்கார்ந்து எழுந்ததும், இறங்கத் தொடங்குவதற்கு முன்பே கொக்கியைக் கழற்றிவிடுவோம்.

இங்கேதான் கைக்கயிறு ஜெயிக்கிறது. ஆறடிக்கு மேல் நீளம் வேண்டாம். தேவையான நொடியில் விட்டுவிடலாம் என்பதுதான் அதன் முழுப் பலம். அதைக் கெடுப்பது போல மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றிக்கொள்ளக் கூடாது. ஒரு கை போய்விடுகிறது, தோள் வலிக்கிறது என்பதெல்லாம் உண்மை. ஆனால் துணைக்கு ஒருவர் இருப்பதே அதற்குத்தானே! மாற்றி மாற்றிப் பிடிக்கலாம். செங்குத்தான பாறைப்படி வந்தால் ஒருவர் முதலில் இறங்கி நின்றுகொள்வார். மேலே இருப்பவர் ஹார்னஸின் முதுகுப்பிடியைப் பிடித்து நாயை மெதுவாக இறக்குவார், கீழே இருப்பவர் நெஞ்சைத் தாங்கி வாங்கிக்கொள்வார். கழுத்துப்பட்டையைப் பிடித்து இதைச் செய்தால் நாயின் குரல்வளை நெரிபடும். மலைக்கு ஹார்னஸ் கட்டாயம் என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும். பிடியிலிருந்து நீண்டு சுருங்கும் மெல்லிய கயிறு மலைக்கு ஆகாது. செடியில் சிக்கும், விரலை அறுக்கும்.

அவிழ்த்து விடுவது பார்க்க அழகு, நாய்க்கும் பரம சந்தோஷம். ஆனால் இருவர் நடக்கும்போது இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே என்று கொஞ்சம் பிரிந்தாலே பல நாய்களுக்குப் பொறுக்காது. முன்னால் ஓடி ஒருவரைப் பார்க்கும், திரும்பி வந்து மற்றவரை முகரும், மறுபடி ஓடும். நாம் நடப்பதைப் போல இரண்டு மடங்கு தூரத்தை அது ஓடித் தீர்க்கும். நாய் உடம்புச் சூட்டை முக்கியமாக மூச்சிரைத்துத்தான் தணித்துக்கொள்கிறது. அதன் இயல்பான வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை. 41-ஐத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. உற்சாகத்தில் ஓடும் நாய் தானாக நிற்காது. அப்புறம், தரையில் கூடு கட்டும் பறவைகள், விளிம்பு தெரியாத பாறைகள், நாயென்றாலே பயப்படும் எதிர்வழி ஆட்கள். எங்கள் அளவுகோல் இதுதான்: அங்கே அவிழ்த்து விட அனுமதி இருக்க வேண்டும், பாதை கண்ணுக்கெட்டும்வரை தெரிய வேண்டும், ஓடும் முயலைத் துரத்தும்போது கூப்பிட்டாலும் நாய் திரும்ப வேண்டும். கடைசி நிபந்தனையில் எங்கள் நாய் தேறவில்லை. அதனால் அது கயிற்றில்தான் வருகிறது.

எந்த முறையானாலும் இரண்டு இடங்களில் நாயை உடம்போடு கட்டியிருக்கக் கூடாது. ஒன்று, வேகமாக ஓடும் ஓடை. தண்ணீர் நாயை இழுத்தால் நம்மையும் சேர்த்து இழுக்கும். இன்னொன்று, கன்றோடு மேயும் மாடுகள். மாடு பாய்ந்து வந்தால் கயிற்றை விட்டுவிட வேண்டும். மாட்டின் கோபம் பெரும்பாலும் நாய் மேல்தான், நாய் ஓடித் தப்பிவிடும். அதனால் இடுப்புப் பெல்ட் வாங்கும்போது நிறத்தையும் பையறைகளையும் அப்புறம் பாருங்கள். துணையைக் கயிற்றின் மறுமுனையை இறுக்கி இழுக்கச் சொல்லி, அந்த இழுப்பிலேயே கொக்கி ஒரு கையால் சட்டென்று கழல்கிறதா என்று பாருங்கள். கழலவில்லையென்றால் அந்தப் பெல்ட் வேண்டாம்.