நிலக்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தையோடு போகலாமா?

இந்த டிபன் கடையின் இட்லி மென்மையையும் காபி மணத்தையும் பற்றிப் பலர் இந்த விமர்சனப் பக்கத்தில் எழுதிவிட்டார்கள். எல்லாம் உண்மைதான். என் அக்கறை வேறு. என் மகளுக்கு ஆறு வயது. நிலக்கடலையும் முந்திரியும் அவளுக்கு ஆகாது. வயிற்று உப்புசத்தோடு போகிற ஒவ்வாமை இல்லை. உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்பு எழும்பி, மூச்சுத் திணறும். அப்படிப்பட்ட குழந்தையோடு கோவையில் இந்த டிபன் கடைக்குப் போகலாமா?

போகலாம். காரணம், இங்கே ‘முடியாது’ என்று சொல்லத் தெரிந்த ஒரு மாஸ்டர் இருக்கிறார்.

முதல்முறை போனபோது பரிமாறுபவரிடம் விஷயத்தைச் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போகாமல், உள்ளே சென்று மாஸ்டரையே அழைத்து வந்தார். அவர் தோளில் கிடந்த துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னார்: “காரச் சட்னியில் நிலக்கடலை அரைக்கிறோம். குருமாவில் முந்திரி விழுது. பொங்கலிலும் முந்திரி. வடை, தோசை இரண்டும் செக்குக் கடலை எண்ணெய், அதனால் குழந்தைக்கு வேண்டாம். தேங்காய்ச் சட்னியில் பொட்டுக்கடலைதான், ஆனாலும் ஒரே மிக்ஸி, என்னால் உறுதி சொல்ல முடியாது. இட்லியும் சாம்பாரும் சாப்பிடட்டும். சாம்பாருக்குத் தாளிப்பது சூரியகாந்தி எண்ணெய்.”

இட்லி இங்கே துணி போட்டு அவிப்பது, தட்டில் எண்ணெய் தடவுவதில்லை. அதையும் அவரே சொன்னார். சாம்பாரை, மேசை மேசையாகச் சுற்றிவரும் வாளியிலிருந்து ஊற்றாமல், அடுப்படியிலிருந்து தனிக் கிண்ணத்தில் கொடுத்தனுப்பினார். வாளிக் கரண்டி யார் தட்டிலிருந்த காரச் சட்னியைத் தொட்டுவிட்டு வந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? நான் கேட்காமலேயே அவருக்கு அது தோன்றியது. என்னைக் கேட்டால் காபியைவிட இதுதான் இந்தக் கடையின் சிறப்பு.

செக்கு எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. நன்றாகச் சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் ஏறக்குறைய இருக்காது. செக்கில் ஆட்டியதில் புரதம் தங்கியிருக்கும், ஒவ்வாமையைக் கிளப்புவதும் அந்தப் புரதம்தான். கொதிக்கும் எண்ணெயில் போட்டுப் பொரித்தாலும் அது ஒழிந்துபோவதில்லை. ‘எங்கள் உணவுகள் அனைத்தும் செக்குக் கடலை எண்ணெயில்’ என்று பெருமையாகப் பலகை வைக்கும் கடைகள் ஊரில் பெருகிவிட்டன. அந்தப் பெருமைக்கு நான் நன்றி சொல்கிறேன். பலகையைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பிவிடலாம்.

இதற்கு முன் வேறொரு பெரிய உணவகத்தில் நடந்ததைச் சொன்னால்தான் என் பதற்றம் புரியும். பெயர் வேண்டாம். குருமாவில் முந்திரி உண்டா என்று கேட்டதற்கு, “அதெல்லாம் இருக்காது சார், தைரியமாகக் கொடுங்கள்” என்றார் பரிமாறியவர். சப்பாத்தியின் இரண்டாவது துண்டிலேயே மகள் நாக்கைச் சுரண்ட ஆரம்பித்தாள். பிறகு இருமல். எங்களிடம் மருத்துவர் அளவு குறித்துக் கொடுத்த அட்ரினலின் மருந்தும் சிரிஞ்சும் எப்போதும் இருக்கும். தானே குத்திக்கொள்ளும் பேனா வகை நம் ஊர் மருந்துக்கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. தொடையில் ஊசி போட்டுவிட்டு மருத்துவமனைக்கு ஓடினோம். அடங்கிய ஒவ்வாமை சில மணி நேரத்தில் மறுபடி தலைகாட்டக்கூடும் என்பதால் இரவு வரை அங்கேயே உட்கார வைத்தார்கள்.

விதிகள் இல்லாமல் இல்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிமுறைகளின்படி பாக்கெட் உணவில் நிலக்கடலை, மரக்கொட்டைகள் (முந்திரி, பாதாம் போன்றவை), பால், முட்டை, மீன், சோயா போன்றவை இருந்தால் அச்சிட்டாக வேண்டும். உணவகங்களில் மத்திய உரிமம் (பெரிய அளவில் நடத்துபவர்களுக்கானது) பெற்றவையும், 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருப்பவையும் ஒவ்வாமைத் தகவலைத் தர வேண்டும். இந்தக் கடைக்கு வேறு கிளையே கிடையாது. ஆகவே சட்டம் கேட்காததைத்தான் மாஸ்டர் செய்கிறார்.

இனி குறை. கல்லாவில் இருக்கும் பெரியவர் குழந்தைகளைக் கண்டால் கண்ணாடி ஜாடியைத் திறந்து கடலை மிட்டாய் எடுத்து நீட்டுவார். என் மகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். கூச்சம் என்று நினைத்தார் போலும், “அட வாங்கிக்கொள் கண்ணு” என்று கையை இழுத்து உள்ளங்கையில் வைத்துவிட்டார். சமையலறையில் அத்தனை கவனம், வாசலில் இப்படி! பாசத்தோடு வருகிற கடலையைத் தடுப்பதுதான் பெரும்பாடு.

தோலில் பட்டால் பெரும்பாலும் அந்த இடத்தில் தடிப்போடு முடிந்துவிடும். அதே கை வாய்க்குப் போனால்தான் ஆபத்து. கடலைப் புரதம் வெறும் தண்ணீரில் முழுவதும் போகாது, சானிடைசருக்கும் அசையாது. சோப்பு வேண்டும். கைகழுவும் இடத்தில் சோப்புப் புட்டி காலி. கேட்டதற்கு, “தண்ணீர் வருகிறதே” என்றார்கள். என் பையில் ஈரத்துடைப்புத் தாள் இருந்ததால் தப்பித்தோம். மேசை துடைக்கும் துணியும் எல்லா மேசைக்கும் ஒன்றுதான். இலை கேட்டு வாங்கி அதில் சாப்பிட வைப்பது நல்லது, கேட்டால் தருகிறார்கள்.

பெரியவரிடம் விவரம் சொன்னேன். பதறிப்போனார். அடுத்தமுறை போனபோது ஜாடி கல்லா மேசையிலிருந்து பின்னால் அலமாரிக்குப் போயிருந்தது. சோப்பு மட்டும் இன்னும் வரவில்லை.

ஞாயிறு காலை வேண்டாம். கூட்டத்தில் மாஸ்டரைப் பார்க்கவே முடியாது, புதிதாக வந்த பையன்களுக்கு எதில் என்ன இருக்கிறது என்று தெரிவதில்லை. வாரநாளில் மாலை நான்கு மணிக்கு மேல் போங்கள். நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன், சோப்பு வந்ததும் ஐந்தாக்குகிறேன்.